எங்களுக்கு வேறு கிளைகள் இல்லை

திரை மறுபடியும் சிவப்பாயிற்று.

'பிரைமரி கீ சேர்க்க முடியவில்லை.'

"ஏன்டா முடியல? உனக்கு என்னதான்டா வேணும்?" என்று மிதுலா கம்ப்யூட்டரைக் கேட்டாள். சத்தமாகவே கேட்டாள். பக்கத்து மேஜைக்காரர்கள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இந்த வாரம் முழுக்க இதே வசனத்தைக் கேட்டு அவர்களுக்குப் பழகிவிட்டது.

வேலை என்னவோ ஒரே ஒரு வரிக் கட்டளை. மக்கள் பதிவகத்தின் மாபெரும் அட்டவணையில் ஆளுக்கு ஒரு பதிவு இருக்கிறது. அதில் ஒரு பத்தியைக் காட்டி, 'இதுதான் பிரைமரி கீ, ஆளை அடையாளம் காட்டும் சாவி. இது யாருக்கும் காலியாக இருக்கக் கூடாது, இருவருக்கு ஒன்றாக இருக்கவும் கூடாது' என்று அறிவிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மதியம் மந்திரி வந்து பொத்தானை அழுத்துவார். அன்றிலிருந்து ரேஷன், வங்கி, ஆஸ்பத்திரி, வீட்டுப் பூட்டு எல்லாவற்றுக்கும் அந்த ஒரே சாவி.

அந்தப் பத்தியின் பெயர் மனரேகை.

கைரேகையை ரப்பரில் செய்து விற்க ஆரம்பித்துவிட்டார்கள். முகத்தையும் குரலையும் பள்ளிக்கூடப் பையன்கள்கூடப் போலியாகச் செய்கிறார்கள். போலி செய்ய முடியாத ஒன்றே ஒன்றுதான் மிச்சம்: ஒரு மனிதன் எப்படி நினைக்கிறான் என்பது. நெற்றியில் ஒரு பட்டையைக் கட்டினால் போதும். மனம் எதைச் சுற்றிச் சுற்றி வருகிறது, எந்த வழியாகப் போய் எந்த வழியாகத் திரும்புகிறது என்று நொடியில் ஒரு கோலம் போட்டுக் கொடுத்துவிடும். பட்டையைக் கட்டும் ஒவ்வொரு முறையும் பதிவு புதுப்பிக்கப்படும். உலகத்தில் இருவருக்கு ஒரே மனரேகை இருக்க வாய்ப்பே இல்லை என்று விஞ்ஞானிகள் சத்தியம் செய்திருந்தார்கள்.

விஞ்ஞானிகள் அட்டவணையைப் பார்த்ததில்லை.

முதலில், அட்டவணையில் ஏற்கெனவே ஒரு பிரைமரி கீ இருக்கிறது என்றது கம்ப்யூட்டர். எந்த மகானுபாவரோ போன் நம்பரைச் சாவியாக்கிவிட்டுக் கனடாவுக்குப் போயிருந்தார். அதைப் பிடுங்கியதும் சில பதிவுகளில் மனரேகை காலி என்றது. பிறந்த குழந்தைகள், நினைவில்லாமல் கிடப்பவர்கள், அப்புறம் ஒரு கோயில் யானை. யாரோ பக்தியோடு ரேஷனுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பட்டைதான் நெற்றிக்குப் போதவில்லை. அதையெல்லாம் ஒதுக்கி வைத்தால், 'எதுக்கும் இருக்கட்டும்' என்று இரண்டு முகாமில் இரண்டு தடவை பதிந்துகொண்ட மகாஜனங்கள். அவர்களையும் பொறுமையாகக் கழித்தாள்.

மிச்சம் ஒரே ஒரு ஜோடி. இரண்டு பதிவு, ஒரே மனரேகை. இரட்டைப் பதிவு என்று கழிக்கவும் முடியாது. முகம் வேறு, வயது வேறு, கைரேகை வேறு. ஊர் மட்டும் ஒன்று, சாத்தூர். தகப்பனார் பெயரும் ஒன்று. கதவு எண்கள் அடுத்தடுத்து.

மேஜை ஓரத்துத் திரையில் ஹரிஹரசுதன் வந்தார். திட்டத்தின் தலைவர். கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்துகொண்டு வீடியோவில்தான் பேசுவார். கன்னத்தில் கை வைத்திருந்தார். இரண்டு நாளாக அப்படித்தான், மிதுலாவைப் பார்ப்பதே சலிப்பு என்பதுபோல.

அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே அவளுக்குள் அந்த வாக்கியம் ஓடியது.

"மிதுலா, டேட்டால பிரச்சினையா, நம்ம பக்கம் பிரச்சினையா?"

எழுத்துப் பிசகவில்லை.

"டேட்டாலதான் சார், ஆனா..."

"நீ 'ஆனா'ன்னு ஆரம்பிச்சா அடுத்து 'மனுஷங்க சார்'னு வரும். ரெண்டு வந்தா என்ன விதி? பழசு நிக்கும், புதுசு போகும். விதியை எழுதினது யாரு?"

"நீங்களும்தான் சார் சொன்னீங்க."

உண்மை. அந்தக் கூட்டத்தில் இருவரும் ஒரே நேரத்தில் ஒரே வார்த்தைகளைச் சொன்னார்கள். மற்றவர்கள் சிரித்தார்கள். இருவரும் சிரிக்கவில்லை.

"புதுசு யாருன்னு பாத்தீங்களா சார்? செல்வக்கனி. தம்பி. வாரத்துல மூணு நாள் டயாலிசிஸ். பதிவை எடுத்துட்டா ஆஸ்பத்திரி மெஷினுக்கு அப்படி ஒரு ஆளே கிடையாது."

"புகார் டிக்கெட் போடச் சொல்லு. மறுபதிவு பண்ணிக்கலாம்."

"மறுபதிவு பண்ணா மறுபடி அதே ரேகை. மறுபடி இரட்டை. மறுபடி தூக்கிடும். பேசாம ஆளுக்கொரு வரிசை எண் குடுத்து அதைச் சாவியா வச்சுக்கலாமே சார்? எந்த வம்பும் இல்ல."

"சட்டத்துல மனரேகைதான் கீ. அட்டவணையை நீ மாத்தலாம், சட்டத்தை நான் மாத்த முடியுமா?" கன்னத்தை அழுத்திக்கொண்டார். "வெள்ளிக்கிழமை காலைல கட்டளை ஓடணும். அதுவரைக்கும் உன் பாடு."

திரை அணைந்தது. இந்த மனிதரை நினைத்தாலே அவளுக்கு எரிச்சல் வந்தது. எரிச்சலாய் வந்ததால் இன்னும் நினைத்தாள். அந்த ஜோடியை நேரில் பார்க்கச் சாத்தூர் போகிற அதிவேக ரயிலில் வழி முழுக்க அவர் என்ன சொல்வார், அதற்குத் தான் என்ன சொல்ல வேண்டும் என்றே மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனாள்.

சாத்தூரில் அவள் இறங்கியபோது வெயில் சாய்ந்திருந்தது.

கடைகளைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. ஒரே பச்சை பெயின்ட், ஒரே மஞ்சள் பல்பு, உள்ளே ஒரே தகப்பனாரின் ஒரே படம், ஒரே சந்தன மாலை. நடுவில் ஒரு சுவர். இரண்டு போர்டிலும் ஒரே வாசகம்: 'தவசிலிங்கம் காராச்சேவுக் கடை. அசல் பழைய கடை இதுவே. எங்களுக்கு வேறு கிளைகள் இல்லை.' யாரோ ஒருவர் எழுத்தைப் பெரிதாக்க, அடுத்தவரும் பெரிதாக்க, இப்போது போர்டுகள் இரண்டும் மாடி ஜன்னலை மறைத்துக்கொண்டு நின்றன.

இடதுபக்கக் கடையில் அண்ணன் பொன்ராஜ். வெள்ளை மீசை, பனியன், கையில் மாவு தேய்க்கும் பழைய பித்தளைக் கரண்டி.

"யாரும்மா? பார்சலா?"

"இல்லீங்க. மக்கள் பதிவகத்துலேருந்து வர்றேன், சென்னை."

"அவன் எழுதிப் போட்டானா?"

"எவன்?"

பொன்ராஜ் தாடையால் சுவரைக் காட்டினார்.

"தம்பிதானே? பேர் சொல்ல மாட்டீங்களா?"

"பேரைச் சொன்னா எண்ணெய் பொங்கும். நீங்க உக்காருங்க. சேவு தின்னுட்டுப் பேசுங்க."

அவள் தின்றாள். பேசினாள். முடிந்தவரை எளிமையாகச் சொல்லிப் பார்த்தாள். "பஸ்ல ஒரு சீட்டுக்கு ஒருத்தர்தான உக்கார முடியும்? நீங்க ரெண்டு பேரும் ஒரே சீட்டுல உக்காந்திருக்கீங்க. ரெண்டு பேருக்கும் மனரேகை ஒண்ணா இருக்கு."

"அப்டின்னா?"

"நாள் பூரா ரெண்டு பேரும் ஒரே மாதிரி நெனைக்கிறீங்க. இம்மி மாறாம."

பொன்ராஜின் மீசை துடித்தது. "எனக்கும் அவனுக்கும் ஒரே நெனப்பா? வெளியில சொல்லிராதீக தாயி. யாவாரம் கெட்டுப்போகும்."

"சரி, நாள் பூரா எதை நெனப்பீங்க?"

"யாவாரத்தைத்தான்."

"யாவாரம்னா?"

"யாவாரம்னா யாவாரம். இப்ப அங்க ரெண்டாவது ஈடு எடுத்திருப்பான். பூண்டுச் சேவு. வாயில போட்டுப் பாப்பான், உப்பு கொறச்சலா இருக்கும். மேல தூவுவான். தூவும்போது இருமுவான்."

சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ இருமினார்கள்.

"அவனைப் பத்தி நெனைக்க எனக்கென்ன தலையெழுத்தா?" என்றார் பொன்ராஜ்.

மிதுலா தலையில் கை வைத்துக்கொண்டாள். அவர்கள் அப்பா இறந்த பதினாறாம் நாளில் அந்தப் பித்தளைக் கரண்டி யாருக்கு என்று தொடங்கிய சண்டை என்று சேவு தின்னும்போதே பொன்ராஜ் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசாமல் இருந்தார்களே தவிர, இவர் அவரையும் அவர் இவரையும் ஒரு நிமிஷம் விடாமல் நினைத்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். அவன் எப்போது கடை திறப்பான், எதைப் பொரிப்பான், என்ன யோசிப்பான் என்று யோசித்து யோசித்து, இருவர் மனமும் ஒரே தடத்தில் ஓடிப் பழகிவிட்டது.

வலதுபக்கக் கடைக்குப் போனாள். செல்வக்கனி அண்ணனைவிட மெலிந்தவர். இடது கையில் ஊசி ஏறி ஏறி நரம்பு கயிறுபோல் புடைத்திருந்தது.

"யாரும்மா? பார்சலா?"

"பார்சல் இல்ல. யாரும் எழுதிப் போடல. உக்காந்துட்டேன். சேவு அங்கேயே தின்னாச்சு."

"அங்கயா? உப்பு கரிச்சிருக்குமே."

அவள் அதே பஸ் சீட்டுக் கதையைச் சொன்னாள்.

"எனக்கும் அவனுக்கும் ஒரே நெனப்பா?" என்று செல்வக்கனி ஆரம்பித்தார்.

"வெளியில சொல்லல. யாவாரம் கெடாது. மேல சொல்றேன், கேளுங்க." அவள் குரல் இறங்கியது. "வெள்ளிக்கிழமைக்குள்ள இது சரியாகலைன்னா உங்க பதிவு போயிடும் அண்ணாச்சி. விதி அப்படி. முதல்ல பதிஞ்சவர் நிப்பார், அடுத்துப் பதிஞ்சவர் போவார். உங்க அண்ணன் உங்களுக்கு முன்னாடி பதிஞ்சிருக்கார்."

"அன்னைக்கு முகாம்ல நாந்தான் முன்னால நின்னேன். தோளை இடிச்சிட்டு முந்திட்டான்." சிரித்தார். பிறகு புடைத்த நரம்பைத் தடவிக்கொண்டார். "பதிவு போனா ஆஸ்பத்திரியில..."

"மெஷின் ஏத்துக்காது."

"எத்தன நாளைக்கு?"

"சட்டம் மாறுற வரைக்கும்."

"ஒரு வாரம் தாங்காது தாயி இந்த உடம்பு." அவர் அதைச் சேவு நமுத்துப்போகும் என்று சொல்வதுபோலச் சொன்னார். குவியலிலிருந்து உடைந்த சேவுகளைப் பொறுக்கித் தனியாகப் போட்டார்.

மிதுலா பையிலிருந்து இரண்டு நெற்றிப்பட்டைகளை எடுத்தாள். வழி ஒன்றுதான். ரேகையைப் பிரிக்க வேண்டும். அவரவர் கடையில் உட்கார வைத்து ஆளுக்கொரு பட்டையைக் கட்டினாள். "கடையை மறங்க. அவரையும் மறங்க. வேற எதையாவது நெனைங்க. எது வேணும்னாலும்."

கண்ணை மூடி நினைத்தார்கள். இரண்டு கோலமும் வந்தன. ஒன்றின்மேல் ஒன்றை வைத்தாள். ஒரு கோடு விலகவில்லை.

"என்ன நெனச்சீங்க?"

"திருச்செந்தூர் கடல்" என்றார் பொன்ராஜ். "சின்னப்பிள்ளையில அப்பா கூட்டிட்டுப் போனாக."

சுவரைச் சுற்றி ஓடினாள். "நீங்க என்ன நெனச்சீங்க?"

"திருச்செந்தூர் கடல்" என்றார் செல்வக்கனி. "அவன் அதைத்தான் நெனப்பான்னு தெரியும். நான் ஏன் விட்டுக் குடுக்கணும்?"

"விட்டுக் குடுங்களேன்! ஒரு தடவை! ஒரே ஒரு தடவை!" என்று மிதுலா கத்தினாள். பார்சல் வாங்க வந்தவர்கள் ஒதுங்கி நின்றார்கள்.

பொறுமை போய்விட்டது. நேரே அண்ணனிடம் வந்தாள். "அன்னைக்கு முகாம்ல தோளை இடிச்சு முந்தினீங்களாமே? நீங்க முந்தினதாலதான் உங்க பதிவு நிக்குது. அவர் பதிவு போகுது. டயாலிசிஸும் போகுது. போதுமா?"

பொன்ராஜ் அடுப்பைத் தணித்தார். 

"செவ்வா, வியாழன், சனி" என்றார். "காலையில ஆட்டோ வரும். அந்த மூணு நாளும் நான் மிளகுச் சேவு போடுறதில்ல. மிளகுச் சேவு அவனுக்கு ஓடுற சரக்கு. ஆள் இல்லாத நேரத்துல ஜெயிச்சா அது என்ன ஜெயிப்பு?" கரண்டியைக் கீழே வைத்தார். "என் பதிவை எடுத்துருங்க."

"உங்க பதிவை எடுத்தா உங்களுக்குக் கடை லைசென்ஸ் கிடையாது, பேங்க் கிடையாது, நாளைக்கு நெஞ்சு வலின்னா ஆஸ்பத்திரி கிடையாது."

"எடுத்துருங்கன்னா எடுங்க."

அவள் தம்பியிடம் போனாள். அவள் வாயைத் திறப்பதற்குள் செல்வக்கனி முந்திக்கொண்டார்.

"அவன் தன் பதிவை எடுக்கச் சொல்லியிருப்பான். கேக்காதீக. என்னுதை எடுங்க. நான் எப்படியும் பாதி ஆளு."

மிதுலா வெளியே வந்து நடைபாதையில் உட்கார்ந்தாள். சண்டைதான் ஒன்று என்று நினைத்தாள். தியாகமும் ஒன்றாகவே இருக்கிறது. இதற்கு எந்தக் கட்டளையை எழுதுவது?

போன் அடித்தது. எடுத்ததும், "டிக்கெட் போடச் சொல்லுன்னு சொல்லப் போறீங்க, தெரியும் சார்" என்றாள்.

"நீ இப்படிச் சொல்வேன்னு எனக்கும் தெரியும்" என்று ஹரிஹரசுதன் போனை வைத்துவிட்டார்.

மறுநாள் வியாழக்கிழமை காலையில் ஆட்டோ வந்து செல்வக்கனியை ஏற்றிக்கொண்டு போனது.

மிதுலா எதிர் டீக்கடையில் இருந்தாள். ரயிலுக்கு நேரம் இருந்தது. செய்ய ஒன்றும் இல்லை. தம்பி கடையில் அவர் மனைவி ராஜகனி ஒற்றையாக நின்றாள். மிளகுச் சேவு கேட்டு வந்தவர்களிடம், "சனிக்கிழம வேணா பாருங்கண்ணே, இன்னைக்கு மாஸ்டர் இல்ல" என்று சொல்லிச் சொல்லித் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தாள். சனிக்கிழமையும் மாஸ்டர் இருக்க மாட்டார் என்பது அவளுக்கு நினைவுக்கு வந்தபாடில்லை.

இடதுபக்கக் கடையிலிருந்து பொன்ராஜ் இறங்கினார். கையில் பித்தளைக் கரண்டி. தெருவை ஒருமுறை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்தார். பிறகு பக்கத்துக் கடைப் படியில் கால் வைத்தார்.

டீ மாஸ்டர் ஆற்றிக்கொண்டிருந்த டீ கிளாஸுக்கு வெளியே போயிற்று.

"அத்தான்?" என்றாள் ராஜகனி. 

"மிளகு எங்க வச்சிருக்கான்?"

"அத்தான், அவுகளுக்குத் தெரிஞ்சா..."

"மிளகு எங்கன்னு கேட்டேன். எண்ணெய் காயுது."

அவர் மாவைப் பிசைந்தார். கொதிக்கும் எண்ணெய்க்கு மேலே கரண்டியைப் பிடித்து உள்ளங்கையால் மாவைத் தேய்த்தார். சேவு பொலபொலவென்று உதிர்ந்தது. தெருவில் கூட்டம் கூடிவிட்டது. சேவு வாங்க வந்த கூட்டமில்லை. பார்க்க வந்த கூட்டம். மிதுலா எதற்கென்று தெரியாமலே எழுந்து, நெற்றிப்பட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு, தெருவைத் தாண்டி வந்து நின்றாள்.

ஆட்டோ திரும்பியபோது கூட்டம் வழிவிட்டது. செல்வக்கனி இறங்கினார். வெளிறிப்போயிருந்தார். கடையைப் பார்த்தார். தன் அடுப்புக்கு முன்னால் தன் அண்ணன் நிற்பதைப் பார்த்தார். பக்கத்துக் கடையைப் பார்த்தார். ஏதோ கணக்குத் தவறியதுபோல மறுபடி இங்கே பார்த்தார்.

மிதுலா அந்த நொடியில் அவர் நெற்றியில் பட்டையை ஒட்டினாள். அவர் கவனிக்கவே இல்லை.

"ஏய்" என்றார். அப்பாவின் பதினாறாம் நாளுக்குப் பிறகு அண்ணனிடம் அவர் பேசிய முதல் வார்த்தை. "என்ன பண்ற?"

"கண்ணு தெரியலையா?"

செல்வக்கனி முன்னால் வந்து ஒரு சேவை எடுத்து வாயில் போட்டார். மென்றார். கூட்டமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"மிளகு பத்தல."

"உங் கடை அளவு அம்புட்டுத்தான். என் கடைன்னா இன்னும் ரெண்டு பிடி விழும்."

"இதை நீ செய்வேன்னு நான் நெனைக்கவே இல்ல."

"எல்லாத்தையும் நீ நெனச்சிருவியோ?"

மிதுலா கையில் இருந்த கருவியைப் பார்த்தாள். கோலம் பிரிந்திருந்தது. நடுவில் ஒரு கோடு புதிதாக, எங்கேயோ போய்க்கொண்டிருந்தது. அண்ணன் அடுத்து என்ன செய்வான் என்று வருஷக்கணக்காய்த் தப்பாமல் நினைத்த மனசுக்கு முதல் முறையாக ஒன்று தப்பிப் போயிருந்தது. அது போதுமாயிருந்தது.

"வர்ற சனிக்கிழம?" என்று ராஜகனி மெதுவாகக் கேட்டாள்.

"பாப்போம்" என்றார் பொன்ராஜ். போகும்போது பித்தளைக் கரண்டியை எடுக்கவில்லை. மறந்துவிட்டார் என்று சொல்ல முடியாது. அவர் எதையும் மறக்கிற ஆள் இல்லை.

போர்டுகளில் யாரும் கை வைக்கவில்லை. இரண்டு கடையிலிருந்தும் ஒவ்வொரு பார்சல் சேவு மிதுலாவின் பையில் ஏறியது. எது நன்றாயிருக்கிறது என்று போன் போட்டுச் சொல்ல வேண்டும் என்று இருவரும் தனித்தனியாக உத்தரவு போட்டார்கள்.

வெள்ளிக்கிழமை காலை அலுவலக வாசலில் வழக்கம்போல் நெற்றிப்பட்டை வைத்தாள். கதவு திறந்தது. ஹாலில் பந்தல்காரர்கள் பூத்தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். நேரே மேஜைக்குப் போய்க் கட்டளையை ஓட்டினாள்.

திரை சிவப்பாயிற்று.

'பிரைமரி கீ சேர்க்க முடியவில்லை. இரட்டை மதிப்பு.'

"ஐயோ, இன்னும் யாருடா?"

பதிவுகளைத் திறந்தாள். இரண்டு பெயர். நேற்றுவரை இல்லாத ஜோடி. இன்று காலை வாசல் பட்டையில் புதுப்பிக்கப்பட்டவை.

ஒன்று மிதுலா. இன்னொன்று ஹரிஹரசுதன்.

முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகு வரவில்லை. ரயிலில் போகும்போதும் வரும்போதும் அவரோடு மனதுக்குள் போட்ட சண்டை எல்லாம் நினைவுக்கு வந்தது. அவர் இதைச் சொல்வார், நான் இதைச் சொல்வேன், உடனே அவர் இப்படி மடக்குவார். அவரும் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து இதையேதான் செய்திருக்கிறார்.

விதி எளிது. பழசு நிற்கும், புதுசு போகும். கருவி வந்த அன்று சோதனைக்காக முதலில் பட்டையைக் கட்டிக்கொண்டவள் அவள். அடுத்தது அவர். அதனால் அவர் பதிவு போகும். கதவு திறக்காது, பேங்க் திறக்காது, சாயங்காலம் பள்ளிக்கூடத்தில் மகளை அழைத்துவரக்கூட முடியாது. 'டிக்கெட் போடுங்க சார், மறுபதிவு பண்ணிக்கலாம்.' அந்த வாக்கியம் அவள் நாக்கில் வந்து தித்தித்தது.

தலை நிமிர்ந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஹரிஹரசுதன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் திரையும் சிவப்பாக இருந்தது. ஒரு கை கன்னத்தில், ஒரு கை கீபோர்டில். விதியைத் திருப்பிப் போட அவருக்கு அதிகாரம் இருக்கிறது. புதுசு நிற்கும், பழசு போகும் என்று ஒரு வரி எழுதினால் போதும். அவள் அதை நினைத்தாள் என்றால் அவரும் நினைத்துவிட்டார் என்று அர்த்தம்.

யார் முந்துவது?

அவள் விரல் பதிவைக் கழிக்கும் பொத்தானுக்கு மேலே நின்றது. பிறகு கையை எடுத்தாள். பையைத் திறந்து ஒரு பார்சலை எடுத்தாள். நெற்றிப்பட்டையையும் எடுத்துக்கொண்டு எழுந்து நடந்தாள். இத்தனை வருஷத்தில் அழைக்காமல் அந்தக் கண்ணாடிக் கதவைத் தள்ளியது இதுவே முதல் தடவை.

"மிதுலா, டேட்டால பிரச்சினையா, நம்ம பக்கம்..." என்று அவர் தொடங்கிப் பாதியில் நிறுத்தினார்.

அவள் பார்சல் நூலைப் பிரித்து, காகிதத்தை அவர் மேஜையில், கோப்புகளின் மேலேயே விரித்தாள். மிளகு வாசனை அறையில் பரவியது.

"சாத்தூர் மிளகுச் சேவு. சாப்பிடுங்க சார்."

அவர் சேவைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். வெளியே தோரணத்தைப் பார்த்தார். 'இதுக்கெல்லாம் நேரமா இது?' என்று அடுத்து வரும் என அவள் காத்திருந்தாள்.

"முடியாதும்மா" என்றார் ஹரிஹரசுதன். குரல் வேறாக இருந்தது. கன்னத்திலிருந்து கையை எடுத்தார். அந்தப் பக்கம் வீங்கியிருந்தது. "கடவாப் பல்லு. உயிர் போகுது. மந்திரி வந்துட்டுப் போகட்டும்னு யார்கிட்டயும் சொல்லல. கஞ்சிதான் குடிக்கிறேன்."

 அவர் பேசும் வாக்கியம் எல்லாம் அவளுக்கு மனப்பாடம். இது தெரியாது.

அவர் கையை நீட்டி அவளிடமிருந்து நெற்றிப்பட்டையை வாங்கித் தானே கட்டிக்கொண்டார். நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினார்.

"எனக்கு ரொம்பப் பிடிக்கும் இந்தச் சேவு. நீ கடி. சத்தமாவது கேக்கறேன்."

மிதுலா ஒரு சேவை எடுத்துக் கடித்தாள்.